பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகு

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்த முதல் வாரம். அதிகாலை, 40 மீட்டர் பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுதி. டயலைத் திருப்பிக்கொண்டே போய் அரவமில்லாத ஓர் இடத்தில் நிறுத்தினேன். பத்து வினாடி காது கொடுத்தேன், இரைச்சல் மட்டும்தான். சரி, காலி என்று பட்டனை அழுத்தி, ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். "சிக்யூ சிக்யூ சிக்யூ" என்று, யாராவது பேச வாருங்கள் என்னும் பொது அழைப்போடு ஆரம்பித்து, என் கால்சைனை, அதாவது உரிமத்தோடு வந்த அடையாளக் குறியை, மூன்று முறை சொல்லி விரலை எடுத்தால், ஸ்பீக்கர் அதிர ஒரு குரல்: "இந்த அலைவரிசையில் நெட் நடந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து கொஞ்சம் தள்ளிப் போங்கள்."

நெட் என்றால் பலர் ஒரே அலைவரிசையில் கூடி, ஒருவர் நடத்த முறை வைத்துப் பேசும் கூட்டம். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை போலிருந்தது. நான் பதறிப்போய் மறுபடியும் பட்டனை அழுத்தி, "சாரி சார், சாரி, தெரியாமல் நடந்துவிட்டது, புதுசு சார்" என்று அரை நிமிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அரை நிமிடமும் நெட் நின்றது. முதல் தப்பு தெரியாமல் செய்தது. இரண்டாவதை மெனக்கெட்டுச் செய்தேன். ரேடியோவை அணைத்தவன் மூன்று நாள் பக்கத்தில் போகவில்லை.

எனக்குத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்துவிட்டு ஒரு தாளில் இரண்டு புள்ளி வைத்தார். ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலையில் ஒரு பங்கு தரையோடு கொஞ்ச தூரம் போய்த் தேய்ந்துவிடும். மேலே போகும் பங்கு அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, வெகுதூரத்தில் இறங்கும். நடுவில் ஒரு வளையம் இரண்டுமே எட்டாமல் செவிடாகக் கிடக்கும். அதிகாலையில் அந்த வளையம் இன்னும் அகலம். "நீ கேட்ட பத்து வினாடியில் பேசிக்கொண்டிருந்தவர் உன் வளையத்துக்குள் இருந்திருப்பார். நெட்டை நடத்தினவர் வெளியே இருந்தார். அதனால் அவர் குரல் மட்டும் உன்னை வந்து அறைந்தது. உனக்குக் கேட்கவில்லை என்றால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தமில்லை தம்பி."

அப்போ என்ன செய்வது? கேட்பது, பிறகு கேட்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது இந்த இடத்தில் வசதியாகத்தான் இருக்கிறது. முதலில் ஒரு நிமிடமாவது காதால் கேட்க வேண்டும். பிறகு வாயால்: "இந்த அலைவரிசை பயன்பாட்டில் இருக்கிறதா?" என்று கேட்டு, கூடவே கால்சைனைச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வினாடி விட்டு இன்னொரு தடவை. இரண்டாவது தடவை எதற்கு என்றால், முதல் தடவை நாம் கேட்கும்போது அந்தப் பக்கத்தில் இருப்பவர் மைக்கைத் தேடிக்கொண்டிருக்கலாம், எதையாவது எழுதிக்கொண்டிருக்கலாம். மோர்ஸில் இதே கேள்வி "க்யூஆர்எல்" என்ற மூன்று எழுத்தும் ஒரு கேள்விக்குறியும். யாராவது "ஆமாம்" என்றால் பதில் பேசாமல் மூன்று நான்கு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிட வேண்டும். எஸ்எஸ்பி (நாங்கள் இந்த பேண்டில் குரலை அனுப்பும் முறை) குரல் ஒன்று கிட்டத்தட்ட மூன்று கிலோஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்ளும்; அதற்குள் ஒட்டி உட்கார்ந்தால் நகர்ந்தும் நகராத கணக்குதான். மன்னிப்பெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

பெரியவர் வீட்டுச் சுவரில் ஒரு கப்பல் கடிகாரம் உண்டு. அதன் முகத்தில் 15-லிருந்து 18-வது நிமிடம் வரையிலும், 45-லிருந்து 48 வரையிலும் சிவப்பு வண்ணத்தில் இரண்டு துண்டு. மணிக்கு இரண்டு தரம், அந்த மும்மூன்று நிமிடம், 500 கிலோஹெர்ட்ஸில் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம். பலவீனமான அபாய அழைப்பு ஏதாவது இரைச்சலுக்கு அடியில் கிடந்தால் அப்போதாவது மேலே வரட்டும் என்று. குரலுக்கான 2182 கிலோஹெர்ட்ஸுக்கு அதே கடிகாரத்தில் பச்சைத் துண்டுகள், மணி ஆரம்பத்திலும் அரை மணியிலும். 1999-இல் செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவிகளும் முழுதாக அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன. கடிகாரம் மட்டும் இவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டி எனக்கு ஒரு வேலை கொடுத்தார்: ஒரு மாதம் மைக்கைக் கழற்றி அலமாரியில் வை, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்.

அந்த ஒரு மாதத்தில் கற்றது, பரீட்சைக்குப் படித்ததைவிட அதிகம். யார் பேச்சு சுத்தமாக இருக்கிறது, யாரைக் கேட்டால் தலை வலிக்கிறது என்று காது பிரிக்க ஆரம்பித்தது. நன்றாகப் பேசுகிறவர்கள் அழைக்கும்போது எதிராளியின் கால்சைனை முதலில் சொல்கிறார்கள், தன்னுடையதைப் பின்னால். தன் பெயர் காதில் விழுந்ததும் எதிராளி நிமிர்வார். நிமிர்ந்தபின் அழைப்பது யார் என்று சொன்னால்தான் அவர் எழுதிக்கொள்ள முடியும். பட்டனை அழுத்தியதும் அரை வினாடி மூச்சு விட்டுப் பேசுகிறார்கள், இல்லையென்றால் முதல் அசை வெட்டுப்படும். ஒரு முறைக்கு ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. இதெல்லாம் மரியாதைக்காக என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. நேரில் பேசும்போது அவர் வாய் திறக்கப் போகிறார் என்பதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். போனில்கூட குறுக்கே பேசினால் கேட்கும். ரேடியோவில் நான் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை என் காது அடைபட்டிருக்கிறது. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் முடியாது, கேட்கவும் முடியாது. அந்தக் குருட்டுத்தனத்துக்குக் கொடுத்த ஊன்றுகோல்தான் "ஓவர்", "ஸ்டாண்ட் பை", "பிரேக்" எல்லாம்.

சினிமாவில் வரும் "ஓவர் அண்ட் அவுட்" பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. "ஓவர்" என்றால் இனி உன் முறை. "அவுட்" என்றால் என் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், "சொல்லு, ஆனால் நான் கேட்கப் போவதில்லை" என்றாகிறது. ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) பட்டனை விட்டதும் ஒரு சின்ன 'பீப்' வந்துவிடுவதால் அங்கே "ஓவர்"கூட வேண்டியதில்லை. சிற்றலையில், குரல் மங்கி மங்கி வரும்போது, கட்டாயம் வேண்டும்.

என்னைப் பாடாய்ப் படுத்திய சொல் "ரோஜர்". ஆமாம் என்று அர்த்தம் போல எல்லாரும் புழங்குகிறோம். மோர்ஸில் "பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு அனுப்பும் ஆர் எழுத்துக்கு, அந்தக் கால எழுத்து அட்டவணையில் இருந்த பெயர் அது. ஆக, நீ சொன்னது முழுதும் எனக்கு வந்து சேர்ந்தது என்பது மட்டுமே பொருள். ஒரு பயிற்சி நெட்டில் பெரியவர் ஒரு செய்தியை வாசித்தார்: ஓர் இடம், ஒரு நேரம், ஓர் எண்ணிக்கை. பாதியில் இரைச்சல் வந்து மூடியது. நான் பழக்கதோஷத்தில் "ரோஜர் ரோஜர்" என்றேன். அவர் உடனே, "எண்ணிக்கை எத்தனை என்று திருப்பிச் சொல், ஓவர்" என்றார். பதினேழு பேர் கேட்டுக்கொண்டிருந்த நெட். விழுங்கினேன். "எண்ணிக்கை மட்டும் விட்டுப்போனது, மறுபடி சொல்லுங்கள்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நாலு வினாடியில் முடிந்திருக்கும். அதிலிருந்து எண்ணும் பெயரும் வரும் செய்தி எதையும் திருப்பிப் படித்துக் காட்டாமல் "ரோஜர்" சொல்வதில்லை.

எழுத்துக் கூட்டிச் சொல்வதிலும் இதே கதை. ஆங்கிலத்தின் பி, டி, ஈ, ஜி, சி எல்லாம் இரைச்சலில் ஒரே 'ஈ'யாகத்தான் காதில் விழும். அதிலும் 'பி' என்று நான் இங்கே எழுதியது எந்தப் பி என்று உங்களுக்கே தெரியாது. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். 'பிராவோ'வா 'பாப்பா'வா என்று சொன்னால்தான் தெரியும். 1956-இல் நடைமுறைக்கு வந்த ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை இதற்காகவே பல மொழிக்காரர்களிடம் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நான் ஆரம்பத்தில் வேடிக்கைக்காக என் கால்சைன் எழுத்துகளுக்கு சொந்தமாகச் சொற்கள் கட்டி வைத்திருந்தேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், அதோடு சரி. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒரு தூர தேசத்துக்காரர் அதைக் கேட்டுத் திணறியபோதுதான் உறைத்தது. அவர் காது எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அந்த இருபத்தாறு சொற்களை மட்டுமே. அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது; எங்களுக்குள் பொதுவாக இருந்த பாலமே அந்தப் பட்டியல்தான். அதை நான் வேடிக்கைக்காகக் கழற்றி வைத்திருந்தேன்.

க்யூ குறிகள் பற்றி ஒரு வார்த்தை. 1912-இல் லண்டனில் கூடிய மாநாடு கப்பல்களுக்காக உலகப் பொதுவாக்கிய, க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் அவை. மோர்ஸில் விரல் நோவைக் குறைக்கும். வாயால் பேசும்போது "என் பெயர்", "என் ஊர்" என்று சொல்லிவிட்டுப் போகலாமே. நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? க்யூடிஎச் என்றாலே இருக்கும் இடம்தான்; ஆனாலும் பேண்ட் முழுக்க "என் க்யூடிஎச் இருக்கும் இடம்" என்று இடத்துக்கு இடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "73" என்பதும் பழைய தந்திக்காரர்களின் எண் சுருக்கம். "அன்பு வணக்கங்கள்" என்று பன்மையிலேயே பொருள். அதற்கு மேல் ஒரு பன்மை போட்டு "செவன்ட்டி த்ரீஸ்" என்றால் பெரியவர் முகம் சுளிப்பார். எனக்கு அந்த அளவுக்குக் கறார் இல்லை.

அதைவிட முக்கியமானது சிக்னல் ரிப்போர்ட். முதல் எண் 1 முதல் 5 வரை, பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது. இரண்டாவது 1 முதல் 9 வரை, சிக்னலின் பலம். மோர்ஸுக்கு மூன்றாவதாகத் தொனி. 59 என்றால் அட்டகாசம் என்று பொருள். ஆகவே மரியாதைக்கு எல்லாருக்கும் 59 கொடுத்துக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு 59, பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள், சரியாகக் கேட்கவில்லை" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ஒருவர் இரண்டு ஆன்டெனாவை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். முதலாவதுக்கு 59. இரண்டாவதுக்கும் 59. "இரண்டும் ஒன்றேதானா?" என்றார். மீட்டரைப் பார்த்தேன், முதலாவது 8, இரண்டாவது 5. எஸ் அலகு, அதாவது அந்தப் பல எண்ணில் ஒரு படி, ஒன்றுக்கு 6 டெசிபல் என்பது கணக்கு. அதாவது மூன்று அலகு வித்தியாசத்தில், அவர் நூறு வாட் அனுப்பினாலும் இரண்டாவதில் ஒன்றரை வாட் அனுப்பியது போலத்தான் எனக்கு வந்திருக்கிறது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் என் மரியாதையை நம்பி நல்ல ஆன்டெனாவைக் கழற்றிப் போட்டிருப்பார். போட்டிகளில் எல்லாரும் எல்லாருக்கும் 59 சொல்வார்கள், அது வேறு, அங்கே அது சடங்கு. மற்றபடி 43 என்றால் 43 என்று சொல்வதுதான் உபகாரம்.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

ஒரு சாயங்காலம் ரிப்பீட்டரில் நானும் ஒரு நண்பரும் பேசிக்கொண்டிருந்தோம். ஆன்டெனா, பழைய ரேடியோ, அது இது. அவர் விட்ட கணமே நான் அழுத்துவேன், நான் விட்ட கணமே அவர். 'பீப்' வருவதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து நான் இருமியதால் ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் ஒரு கைரேடியோவின் கரகர குரல் கால்சைனைச் சொன்னது. சாலையில் ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு, அங்கே போன் எடுக்காததால் உதவிக்கு ஆள் தேடி நாலைந்து தடவை எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எங்கள் பலமான சிக்னல் அவரை மூடிவிட்டது. கடைசியில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் போய், போன் எடுத்த இடத்திலிருந்து தகவல் சொல்லிவிட்டார். அடிபட்டவருக்குப் பெரிய ஆபத்தில்லை. "சும்மா, நீங்கள் இடைவெளி விட்டுப் பேசுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார். நாங்கள் இருவரும் அதற்கப்புறம் அன்றைக்குப் பேசவில்லை.

இப்போது எதிராளி முடித்ததும் மனசுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணிவிட்டுத்தான் அழுத்துகிறேன். அந்த இரண்டு வினாடியில் யாராவது கால்சைன் சொன்னால், நான் எவ்வளவு சுவாரசியமான இடத்தில் இருந்தாலும், "வந்த ஸ்டேஷன் பேசுங்கள்" என்பதே அடுத்த வார்த்தை. சும்மா சேர்ந்துகொள்ள வருகிறவர் கால்சைனை ஒரு தடவை சொன்னாலே போதும். "பிரேக் பிரேக்" என்பதை அவசரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு ஆள் வழக்கம் மாறுவதால், நிஜமான அவசரம் என்றால் "அவசரம்" என்றே வாய்விட்டுச் சொல்லிவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் "மேடே", மூன்று முறை. பிரெஞ்சில் "எனக்கு உதவுங்கள்" என்பதன் ஒலியிலிருந்து 1920-களில் உருவான சொல். அது காதில் விழுந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு நேரம், அலைவரிசை, இடம் மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். வேறு யாரும் பதில் கொடுக்கவில்லை என்றால் மட்டுமே நாம் வாய் திறக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் உதவ வந்தால் அதுவே பெரிய இடைஞ்சல்.

ரிப்பீட்டர் என்றதும் இன்னொன்று. காரில் மைக்கை இருக்கையில் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டன் அழுந்தியபடி, பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு சக ஹாமின் ஆன்டெனா கட்டும் லட்சணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிக்கொண்டு போனேன். ரிப்பீட்டரின் நேரக்கட்டுப்பாடு மூன்று நிமிடத்தில் வெட்டியிருக்கிறது. அது வரைக்கும் அந்த ஹாமும் கேட்டிருக்கிறார். வண்டியில் மைக்குக்கென்று ஒரு கொக்கி கொடுத்திருக்கிறார்கள், அதில் மாட்ட வேண்டும்.

பைல்-அப்புக்கு, அதாவது ஒரே ஸ்டேஷனைப் பலர் ஒன்றாக அழைக்கும் நெரிசலுக்கு, வருகிறேன். அரிதான தீவு ஒன்றிலிருந்து ஒரு குழு பேசுகிறது என்றால் அவர்களைப் பிடிக்க ஆயிரம் பேர் மொய்ப்பார்கள். எல்லாரும் அவர்கள் அலைவரிசையிலேயே கத்தினால் அவர்கள் குரலே யாருக்கும் கேட்காது. அதனால் ஒரு இடத்தில் பேசி, ஐந்து முதல் பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பார்கள், இதுதான் ஸ்பிளிட். நான் அந்த அறிவிப்பு வரும் வரை பொறுக்காமல் நேராக அவர்கள் தலையிலேயே என் கால்சைனைப் போட்டேன். உடனே நாலா பக்கமும் "அப்! அப்!" என்று கூச்சல். அப்புறம் கூச்சல் போட்டவர்களைத் திட்டி இன்னொரு கூச்சல். நான் கெடுத்தது மூன்று வினாடி. என்னைத் திருத்தியவர்கள் கெடுத்தது ஒரு நிமிடம். அந்த அலைவரிசைப் போலீஸ்காரர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தப்பு செய்தவனுக்கு அந்தத் திட்டு பெரும்பாலும் கேட்பதே இல்லை, பாவம் தீவுக்காரர்களுக்குத்தான் கேட்கிறது. வேண்டுமென்றே விசில் அடித்து, பாட்டுப் போட்டு இடைஞ்சல் செய்கிறவனுக்கும் இதே மருந்துதான். அவன் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது; தீனி இல்லாவிட்டால் போய்விடுவான்.

அவர்கள் "கடைசி எழுத்து டாங்கோ" என்று கேட்டால், கால்சைன் டாங்கோவில் முடியாதவர்கள் சும்மா இருக்க வேண்டும். ஒருவேளை என்னைத்தான் தப்பாகக் கேட்டிருப்பாரோ என்ற நப்பாசையில் நான் பல தடவை உள்ளே புகுந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது நானாக இருந்ததில்லை. அப்புறம், ஆன்டெனா ட்யூனரைத் திருகி 'ஊய்' என்று ஊளையிடுவதை டம்மி லோடிலோ (சிக்னலை வெளியே விடாமல் விழுங்கும் போலி ஆன்டெனா) ஆளில்லாத அலைவரிசையிலோ வைத்துக்கொள்ளலாம். மைக் கெயினை, அதாவது மைக் குரலைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் தூரம் போகும் என்பதும் பொய். குரல் கரகரத்து, பக்கத்து அலைவரிசைக்காரர் காதில் தெறிக்கும், அவ்வளவுதான்.

இரண்டு தமிழர்கள் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது தமிழ் தெரியாத ஒருவர் வந்து சேர்ந்தால், அவர் இருக்கும் வரை பொதுமொழிக்கு மாறுவோம். அவர் போனதும் தமிழ். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, எங்களுக்குள் அப்படியே வந்துவிட்டது.

இவ்வளவும் ஓரளவு பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று: விடைபெறுவது. போனில் "சரி அப்போ... வைக்கட்டுமா... ம், சரி... அப்புறம் பார்ப்போம்" என்று நாலு தவணையில் முடித்துப் பழகிய வாய். பெரியவருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. தன் கடைசி முறையில் என் கால்சைன், அவர் கால்சைன், ஒரே ஒரு 73, "க்ளியர்" என்று சொல்வார்; ரேடியோவை அணைத்துவிடுவார். நான் "சரி சார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் நாளைக்குக் காலை..." என்று இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லி முடித்துப் பட்டனை விடுவேன். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.